கையெழுத்துப் போட்ட வகுப்பு

நரம்பியல் டாக்டர் ஆத்மநாதனுக்கு அறுபது வயது. தூத்துக்குடியில் அவரைத் தெரியாத ஆள் குறைவு. மாதாமாதம் டாக்டர்களுக்கு நடக்கும் தொடர்கல்வி வகுப்பில் அவர் கையெழுத்து விட்டுப்போனதே கிடையாது. ஆளைத்தான் உள்ளே தேட வேண்டும். அவர் மட்டுமா? பாதிப்பேர் அப்படித்தான். பதிவேட்டில் ஒரு கிறுக்கு, கொடுக்கிற பையை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓட்டம். புள்ளி ஏறிவிடும். மருத்துவப் பதிவைப் புதுப்பிக்க அது போதுமே!

வகுப்பு எடுப்பவர் டாக்டர் நஸீமா. அவரைவிட இருபது வயது சின்னவர். அந்தச் சனிக்கிழமை, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஆத்மநாதன் அவர் அறை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மார்ச் மாசப் பாடத்தை நேத்துதான் வாசிச்சேன் மேடம்."

"மார்ச்ல வந்திருந்தீங்களே சார்?"

"கையெழுத்து மட்டும் போட்டேன்."

நஸீமா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"தூங்கி எழும்போதே பக்கவாதத்தோட வர்றவங்களை, நேரம் தாண்டிடுச்சுன்னு விட்டுடாதீங்க, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்க, சிலருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்க இன்னும் நேரமிருக்கும்னு சொல்லியிருக்கீங்க. ஏப்ரல்ல எங்கிட்ட அப்படி ஒருத்தர் வந்தார். மிக்கேல்னு பேரு. மீன் ஏலம் விடுறவர். வலது கை போச்சு, பேச்சும் போச்சு. எப்ப வந்ததுன்னே தெரியலையே, நேரம் போச்சேன்னு அவர் சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டேன். மெஷின் கீழ்மாடியில சும்மாதான் கிடந்தது."

நஸீமா கையிலிருந்த பாடக்குறிப்பை மூடி வைத்தார்.

"அன்னைக்கு உட்கார்ந்து கேட்டிருந்தா அவருக்குப் பேச்சு திரும்பியிருக்குமா?"

"திரும்பியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

"இனிமே முதல் வரிசையில உட்கார்றேன். ஒரு வகுப்பும் விடமாட்டேன்."

"இன்னைக்கு வகுப்பு வேண்டாம் சார். முதல் பாடத்தை வேற ஒருத்தர் எடுக்கட்டும். எங்கூட வாங்க."

கூட்டிப்போனது அதே கட்டடத்தின் கீழே, நஸீமாவின் நோயாளிகள் வரும் பேச்சுப் பயிற்சி அறைக்கு. அங்கே மிக்கேல் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கூவினால் கடற்கரையே திரும்பிப் பார்க்குமாம். பயிற்சி தரும் பெண் படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். மீன். அவர் தினமும் ஏலம் விட்ட வஞ்சிரம். மிக்கேலின் உதடு கோணிக்கொண்டு துடித்தது. "ம்... ம்..." அதற்கு மேல் வரவில்லை. கண்ணில் பொலபொலவென்று நீர் வடிந்தது. ஆத்மநாதனுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

மிக்கேலின் மனைவி லூர்து பதறி எழுந்து கும்பிட்டாள்.

"டாக்டரய்யாவே பாக்க வந்துட்டீயளே! நீங்க இல்லேன்னா இவுக உசுரே மிஞ்சியிருக்காது."

ஆத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் என்னால வந்த வினை அய்யா. விடியக்காலம் ஒரு மாதிரி மொனங்குனாவ. கெனா காணுதாவ போல, அசதியில கெடக்காவன்னு விட்டுட்டேன். நீங்க அன்னைக்கே சொன்னீயளே, நேரம் போச்சுன்னு. நான் எழுப்பியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? பாவி, பக்கத்துலயே படுத்துக் கெடந்தேனே."

மிக்கேல் நல்ல கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார். ஏதோ சொல்ல வந்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

ஆத்மநாதன் வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். வகுப்பு தொடங்கிவிட்டது போலிருக்கிறது, மேலே மைக் சத்தம் கேட்டது.

"நடந்ததைச் சொல்லிட்டா அந்தம்மா என்னை மன்னிப்பாங்களா மேடம்?"

"அது தெரியாது சார். இப்ப அவங்க தன்னையே மன்னிக்க முடியாம உள்ள உட்கார்ந்திருக்காங்க."