பச்சைநாயகிக்குப் பிடிக்காத நாடகம்

வேங்கைமலை என்றொரு சமஸ்தானம். பெரிய சீமை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை ஆண்ட மாணிக்க பூபதிக்கு நாடகம் என்றால் உயிர். அதனால் சபையில் மந்திரிக்கு அடுத்த ஆசனம் நாடகம் எழுதும் பச்சைநாயகிக்கு. அவளுக்கு வயது நாற்பது ஆகியிருந்தது. வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறுதான்.

பச்சைநாயகிக்கு வாத்து என்றால் கொள்ளைப் பிரியம். ஏன் என்று யாராவது கேட்டால், அது நடக்கிற அழகைப் பார்த்த பிறகுமா கேட்கிறீர்கள் என்பாள். அந்தப் பிரியம் மனசோடு நிற்காது, எழுத்தாணி வழியாக ஓலையில் இறங்கிவிடும். யுத்த நாடகம் எழுதினால் அகழியில் வாத்துகள் நீந்தும். பதுங்கி வரும் எதிரியைக் கத்திக் காட்டிக் கொடுக்கும். கல்யாண நாடகம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு வாத்து வரிசை போகும். தபசு நாடகத்தில்கூட, முனிவர் கண்ணை மூடியதும் அவர் தாடியை இழுக்க ஒன்று வந்து நிற்கும். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ராணியார் சிரிக்கிற சிரிப்பு குதிரை லாயம்வரை கேட்கும்.

இந்தச் சிரிப்பு தாண்டவ பண்டிதருக்கு மட்டும் எரிந்தது. அவரும் நாடகம் எழுதுகிறவர்தான். அவர் நாடகத்தில் இலக்கணப் பிழை இருக்காது. மூன்றாவது காட்சிக்கு விழித்திருக்கிற ஆளும் இருக்காது.

அந்த வருஷம் ராஜாவின் பட்டாபிஷேக நாளுக்குப் பக்கத்து நாடான சந்தனபுரியின் அரசர் விருந்தாளியாக வருவதாக இருந்தது. பண்டிதர் சமயம் பார்த்துச் சபையில் எழுந்தார். விருந்தாளிக்கு முன்னால் நம் ராஜாவின் பெருமையை வாத்து நடுவிலா காட்டுவது என்று கேட்டார். ராஜாவுக்கும் அது உறைத்தது. இந்தத் தடவை வாத்து வேண்டாம் என்று அவர் சொல்லப் போனார். பண்டிதர் தடுத்தார். வாத்தைத் தள்ளினால் தவளையைக் கொண்டுவருவாள், தவளையைத் தள்ளினால் ஆந்தையைக் கொண்டுவருவாள், கட்டளையை இறுக்கிப் போட வேண்டும் என்றார். அவரே வாசகமும் சொல்லிக் கொடுத்தார். ராஜா அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

"பச்சைநாயகி, உனக்குப் பிடித்தது எதுவும் இந்த நாடகத்தில் வரக் கூடாது. வந்தால் பதவியும் போகும், நீயும் எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும்."

அவள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே யோசனை. பிடிக்காததை வைத்து ஒரு வரி எழுத முடியுமா? சமையலில் உப்பையும் புளியையும் மிளகாயையும் எடுத்துவிட்டுக் குழம்பு வை என்பது போலிருந்தது.

ஆனாலும் மறுநாள் காலையில் ஓலையை எடுத்து உட்கார்ந்தாள். முதல் காட்சி, ராஜா சிங்காசனம் ஏறுகிறார். எழுத்தாணி பாதியில் நின்றது. இந்த மனுஷரை எனக்குப் பிடிக்குமே என்று தோன்றியது. அவள் காய்ச்சலாகக் கிடந்தபோது தம் வைத்தியரையே அனுப்பி வைத்தவர். சரி, ராஜாவின் பேரைக் கீறி அடித்தாள். ராணியாரைக் கொண்டுவரலாமா? அந்தச் சிரிப்பு ஒன்றுக்காகவே அவரைப் பிடிக்கும். அடித்தாள். மந்திரி, சேனாதிபதி, மத்தளக்காரர், வாசலில் மோர் விற்கும் கிழவர், மழை, மாலை வெயில் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். இவ்வளவையுமா எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடிக்க அடிக்கச் சந்தோஷம் தலைக்கேறியது. கடைசியில் எல்லாம் போய், ஓலையில் மிஞ்சியதைப் பார்த்தாள். எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள்.

விழா நாள் வந்தது. இரண்டு அரசர்களும் முன்னால் உட்கார்ந்தார்கள். திரை விலகியது. மேடையில் சிங்காசனமும் இல்லை, தோரணமும் இல்லை. சால்வை போர்த்திய ஒரு ஆள் ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். சால்வையைச் சரிசெய்தார். ஒரு ஏட்டைப் பிரித்து இலக்கண விதிகளைப் படிக்கத் தொடங்கினார். படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். சந்தனபுரி அரசர் ஒரு கொட்டாவி விட்டார். அடுத்ததை விரலால் மறைத்தார். அதற்கடுத்ததை மறைக்கவில்லை.

மாணிக்க பூபதியின் முகம் சிவந்தது. பச்சைநாயகியைக் கூப்பிட்டார்.

"இது என் பட்டாபிஷேக நாடகம். இதில் நான் எங்கே?"

"எடுத்துவிட்டேன், மகாராஜா. எனக்குப் பிடித்தது எதுவும் வரக் கூடாது என்று கட்டளை. தங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

ராஜா கொஞ்சம் தணிந்த குரலில், ராணி எங்கே என்று கேட்டார். அவரையும் பிடிக்கும் என்றாள். மந்திரி? பிடிக்கும். என் சனங்கள்? எல்லோரையும் பிடிக்கும் என்றாள்.

"அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பது யார்?"

பச்சைநாயகி பணிவாகக் கைகூப்பினாள்.

"சல்லடை போட்டுச் சலித்துப் பார்த்தேன், மகாராஜா. மிஞ்சியது நம் தாண்டவ பண்டிதர் ஒருவர்தான்."

முதலில் சிரித்தது ராணியார். லாயத்தில் குதிரைகள் கனைத்தன. கொட்டாவிக்குத் திறந்த வாயோடேயே சந்தனபுரி அரசரும் சிரிக்க, மாணிக்க பூபதி கண்ணீர் வரச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்து, இனிமேல் உனக்குப் பிடித்ததைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது, இதுதான் புதுக் கட்டளை என்றார்.

பிறகுதான் பண்டிதரின் ஞாபகம் வந்தது. சபையில் உம் மானத்தை வாங்கிவிட்டாளே, அவளுக்கு என்ன தண்டனை வேண்டும் கேளும் என்றார் ராஜா.

பண்டிதர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடிகர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

"தண்டனை எதற்கு, மகாராஜா? முழு நாடகமும் நான்தானே வருகிறேன். ஒரே ஒரு குறை, என்னைவிடக் கொஞ்சம் உயரமான ஆளாகப் போட்டிருக்கலாம்."