பாட்டுக் கேட்ட பாத்தி

ஜமீன் தோட்டத்தில் அந்த வருஷம் கத்திரி காய்த்துக் குலுங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் வீராயி. பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் அரண்மனை வித்துவான் பஞ்சநதம். “தினமும் நான் பாடுகிறேனே, அதற்குத்தான் காய்க்கிறது” என்றார். ஜமீன்தாருக்குச் சங்கீதமும் தெரியாது, சாகுபடியும் தெரியாது; அதனால் உடனே நம்பிவிட்டார்.

“அப்படியானால் தண்ணீர்க்காரி எதற்கு? வீராயி, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

“போயிடறேன் எசமான். அதுக்கு முன்னாடி ரெண்டு பாத்தி போட்டுப் பாத்துரலாம். ஒரே நாத்து, ஒரே எரு, ஒரே வெயில். ஒண்ணுக்கு என் தண்ணி மட்டும், இன்னொண்ணுக்கு வித்துவான் சாமியோட பாட்டு மட்டும். பத்து நாள் போதும்.”

வித்துவானால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தொண்டை கட்டும்வரை பாடினார்.

பத்தாம் நாள் இரண்டு பாத்தியும் பச்சைப் பசேலென்று நின்றன. வித்துவான் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீராயி பாட்டுப் பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் சேறு.

“பத்து நாளா மழையே இல்ல எசமான். சாமி பாட்டைக் கேட்டு மண்ணே அழுதிருச்சு போல” என்றாள்.

ஜமீன்தார் வித்துவானின் வேட்டிக் கரையைப் பார்த்தார். அங்கேயும் அதே சேறு.

மறுநாள் முதல் வித்துவான் குடம் தூக்கினார். வரப்பில் உட்கார்ந்திருந்த வீராயி, பாட்டை மட்டும் நிறுத்திவிட வேண்டாமென்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள்.