உத்திரட்டாதி வேம்பு

செங்கரட்டு ஜமீன்தார் புதிதாக மாளிகை கட்டினார். வாசலில் நிழல் மரம் வேண்டும், ஆனால் முற்றத்தில் ஓர் இலைகூட உதிரக் கூடாது, உதிர்ந்தால் இலைக்கு ஒரு சாட்டையடி என்று உத்தரவு போட்டார். வாதாமரம் வைத்த தோட்டக்காரன் அடிபட்டுக் குப்புறக் கிடந்தான். அடுத்து அவன் மனைவி மூக்காயியைக் கூப்பிட்டார்கள்.

இலை உதிராத மரம் உலகத்தில் ஏது? ஊரே பார்க்க ஒரு வேப்பங்கன்றை நட்டாள்.

"வேம்பு உதிராதா?" என்று ஜமீன்தார் உறுமினார்.

"உதிருமுங்க சாமி. ஆனா உங்க நட்சத்திரம் உத்திரட்டாதி. அதுக்கு வேம்புதான் மரம். இது தழைச்சா உங்க ஆயுசும் தழைக்கும். தண்ணி ஊத்துற கை அடிபட்டு முடங்கி, கன்னு காஞ்சு போச்சுன்னா..."

அரண்மனை ஜோசியர் மெல்லத் தலையாட்டினார். ஜமீன்தாரின் முகம் வெளுத்தது. சாட்டைக்காரனைப் போகச் சொல்லிவிட்டார்.

ஆடிக் காற்றில் முதல் இலை விழுந்தது. மூக்காயி பதறி ஓடிவந்தாள். அதற்குள் ஜமீன்தாரே அதை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாதே, மூக்காயி?" என்று கேட்டார்.

"தண்ணி ஊத்திட்டு வந்து சொல்றேனுங்க" என்றாள் அவள்.