செருந்தியும் இருவாட்சியும்

கேளுங்கள், சொல்கிறேன். மலைகளுக்குப் பெயர் வைக்க ஆள் இல்லாத காலம் அது. மேற்கே ஒரு மலைநாடு இருந்தது. அதைக் கொற்றவேள் என்ற தலைவன் ஆண்டான். பெரிய அரசன் இல்லை. யானைப்படை இல்லை, கோட்டை இல்லை. தினைக்காடும் தேனும் பலாவும்தான் அவன் செல்வம்.

அவனுக்கு ஒரே மகள். பெயர் செருந்தி. சின்னப் பெண்.

அவளுடைய தாய் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அன்றிலிருந்து செருந்தி பேசவில்லை. அழவும் இல்லை. கொடுத்தால் சாப்பிடுவாள், படுக்க வைத்தால் தூங்குவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

கொற்றவேள் என்னென்னவோ செய்து பார்த்தான். சந்தன மரத்தில் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பேசவில்லை. யாழ் வாசிக்கிறவர்களை அழைத்து வந்து வாசிக்கச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பேசவில்லை. தாயில்லாத மான்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டான். அவள் அதன் கழுத்தைத் தடவினாள். அப்போதும் பேசவில்லை.

மனைவியை இழந்த துக்கத்தைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, இந்த மகளைப் பற்றியே கவலைப்பட்டுக் கொண்டிருந்தான் கொற்றவேள்.

ஒருநாள் காலை. முற்றத்தில் செருந்தி உட்கார்ந்திருந்தாள். வானத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய துருத்தியை யாரோ அழுத்தி அழுத்தி விடுவதுபோல, உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். செருந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு பெரிய பறவை போயிற்று. கறுப்பு உடம்பு, வெள்ளை வால், மஞ்சள் அலகு, அலகின் மேல் கிரீடம் கவிழ்த்தது போல ஒரு கொண்டை. இருவாட்சிப் பறவை. அது சிறகடிக்கும் சத்தம்தான் அது.

"அப்பா," என்றாள் செருந்தி. "அது யாரு?"

கொற்றவேள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அது இருவாட்சிம்மா."

"எங்க போகுது?"

"காட்டுக்கு."

மறுநாளும் அந்தப் பறவை அதே வழியில் போயிற்று. செருந்தி சிரித்தாள். அதற்கடுத்த நாள் வந்தபோது கையசைத்தாள். ஆனால் காட்டில் எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதைப் பொறுத்துத்தானே பறவையின் வழி. கிழக்கே ஓர் அத்தி பழுத்தது. பறவை வேறு பக்கமாகப் போகத் தொடங்கியது. செருந்தி முற்றத்தில் காத்திருந்தாள், காத்திருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். மறுபடியும் பேச்சு நின்றுபோயிற்று.

கொற்றவேள் கோரனுக்குச் சொல்லியனுப்பினான். கோரன் காட்டில் வலைபோட்டுப் பறவை பிடிக்கிறவன். அவனுக்கும் பெண்பிள்ளைகள் உண்டு.

"அந்த இருவாட்சியை உயிரோட பிடிச்சுக் கொண்டு வா. ஓர் இறகுகூட ஒடியக்கூடாது," என்றான் கொற்றவேள்.

கோரன் தலையைச் சொறிந்தான். "இப்ப வேணாம் சாமி. மழை விழட்டும், பிடிச்சுத் தரேன்."

"ஏன்?"

"அது ஆண் பறவை. இப்பப் பெட்டை மரப்பொந்துக்குள்ள இருக்குது. உள்ள போயி, மண்ணை வச்சு வாசலை அடைச்சுக்கும். அலகு நீட்டுற அளவுக்கு ஒரு கீறல்தான் விட்டிருக்கும். உள்ள முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, இறகெல்லாம் உதிர்த்துட்டு உட்கார்ந்திருக்கும். பறக்க முடியாது. வெளியே வரவும் முடியாது. இவன் கொண்டுபோயி ஊட்டுறதுதான் அதுக்கும் குஞ்சுக்கும் சோறு."

கொற்றவேள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். உள்ளே மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவன் கண்ணில் பட்டது.

"கோரா," என்றான். "என் பொண்ணு வாயைத் திறந்துட்டாடா. அவ குரல் எப்படியிருக்கும்கிறதே எனக்கு மறந்துபோயிருந்துச்சு. மழை வர்றவரைக்கும் என்னால பொறுக்க முடியாது."

"பெட்டை, சாமி?"

"நீ போய் ஊட்டு. பழத்தைக் கீறல்ல நீட்டினா வாங்கிக்காதா? பசிச்ச வயிறு யார் கையின்னா பார்க்கும்?"

கோரனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் இப்படிக் கேட்கும்போது அவனால் மறுக்க முடியவில்லை. கிழக்கே பழுத்திருந்த அத்தி மரத்தில் வலை கட்டினான். பறவை தொண்டை நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் பிடித்தான்.

முற்றத்தில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்கு மூங்கில் கூண்டு கட்டியிருந்தார்கள். பறவையை அதில் விட்டார்கள். செருந்தி ஓடி வந்தாள்.

"அப்பா, இது கண்ணு சிவப்பா இருக்கு. இதுக்கு இமையில முடி இருக்கு, பாருங்க. இதை யாரு கூட்டிட்டு வந்தா? இங்கேயே இருக்குமா?"

நாள் முழுக்க அவள் பேசினாள். விட்டுப்போன பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதுபோலப் பேசினாள். கொற்றவேள் தூணில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.

அத்திப்பழத்தை அவள் கூண்டுக்குள் நீட்டினாள். பறவை வாங்கிக்கொண்டது. இன்னொன்று நீட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டது. பிறகு தலையைக் குனிந்து, தொண்டையிலிருந்து ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து, மூங்கில் இடுக்கு வழியாக வெளியே நீட்டியது. செருந்தி கையை விரித்தாள். பழம் அவள் உள்ளங்கையில் விழுந்தது. இன்னொரு பழம். இன்னொன்று.

"அப்பா, இது எனக்கு ஊட்டுது," என்றாள்.

ஊரே வந்து பார்த்தது. காட்டுப் பறவை தலைவன் மகளுக்குப் பழம் ஊட்டுகிறது என்று பெண்கள் ஒருவரோடொருவர் சொல்லிக்கொண்டார்கள். தாயில்லாப் பிள்ளை என்று பறவைக்கும் தெரிந்திருக்கிறது என்றார்கள். கொற்றவேளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள விரும்பினான் என்று சொல்ல வேண்டும்.

கோரன் வாசலில் வந்து நின்றான். "சாமி, பெட்டை வாங்க மாட்டேங்குது. என் கையைக் கண்டதும் அலகை உள்ளே இழுத்துக்குது."

"குச்சியில குத்தி நீட்டிப் பாரு," என்று அனுப்பிவிட்டான் கொற்றவேள்.

செருந்தி குழந்தைதான். ஆனால் எந்நேரமும் பறவையின் பக்கத்திலேயே இருக்கிறவள். அதனால் அவளுக்குத் தெரிந்தது. "அப்பா, இது பழத்தை விழுங்கவே மாட்டேங்குது. எல்லாத்தையும் வெளியே எடுத்துடுது. ஏன்?"

"புது இடமில்லையா. பழகினா சரியாயிடும்," என்றான் கொற்றவேள்.

கோரன் மறுபடியும் வந்தான். "குச்சியில நீட்டினாலும் வாங்கலை, சாமி. உள்ள குஞ்சு கத்துறது கேக்குது."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரு," என்றான் கொற்றவேள். இந்த முறை கோரனின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

செருந்தி மறுபடியும் கேட்டாள். "அப்பா, இது இளைச்சுப் போச்சு. எனக்கே எல்லாத்தையும் ஏன் தருது?"

"உன்மேல அவ்வளவு பாசம்மா அதுக்கு."

அவள் அதை நம்பினாள். பறவையிடம் போய், "எனக்கு வேணாம், நீ சாப்பிடு," என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அது கேட்கவில்லை. அவள் கூண்டின் இந்தப் பக்கம் நின்றாள். அது அந்தப் பக்கமாகத் திரும்பி, மலையைப் பார்த்துப் பழத்தை நீட்டியது. அங்கே யாரும் இல்லை. பழம் மண்ணில் விழுந்தது. அடுத்ததை எடுத்தது. மறுபடியும் மலையைப் பார்த்தே நீட்டியது.

செருந்தி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தகப்பனிடம் வந்தாள்.

"அப்பா, இது எனக்குத் தரலை. நான் இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன், அதான் என் கையில விழுந்துச்சு. அந்த மலையில யாரு இருக்கா?"

அந்த நேரம் பார்த்துக் கோரனும் வாசலில் வந்து நின்றான். இந்த முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கொற்றவேள் இருவரையும் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மகள் மறுபடியும் ஊமையாகிவிடுவாள் என்று பயந்தான். பொய் சொல்லலாம். பொய் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் அம்மாவைப் போலவே இருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அதோட பெண்டாட்டி இருக்குது. குஞ்சு இருக்குது. மரத்துக்குள்ள," என்றான்.

"அதுங்களுக்கு யாரு பழம் தருவா?"

கொற்றவேள் தலைகுனிந்தான்.

செருந்தி போய்க் கூண்டின் கதவைத் திறந்தாள். சிந்திக் கிடந்த பழங்களைப் பொறுக்கி வந்து பறவையின் முன்னால் வைத்தாள். "சீக்கிரம் எடுத்துக்கோ," என்றாள். பறவை எடுத்துக்கொண்டது. கூண்டு வாசலில் ஒருகணம் நின்று, எழும்பிப் பறந்தது. சிறகில் பழைய பலம் இல்லை. சத்தம் மட்டும் அதே சத்தம்.

அந்தச் சத்தத்தைப் பின்தொடர்ந்து மூன்று பேரும் ஓடினார்கள். கொற்றவேள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். பறவை மரத்துக்கு மரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று.

காட்டின் நடுவே ஒரு பெரிய மரம். அதன் உயரத்தில், மண்பூசிய பொந்தில் ஒரு கீறல். இருவாட்சி அங்கே போய்ப் பட்டையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தது. தலையைக் குனிந்து ஒரு பழத்தை எடுத்துக் கீறலில் நீட்டியது.

உள்ளேயிருந்து அலகு வரவில்லை.

அது காத்திருந்தது. அலகால் மரத்தைத் தட்டிப் பார்த்தது. பழம் நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாவது பழத்தை எடுத்து நீட்டியது. அதுவும் விழுந்தது. மூன்றாவது பழத்தைக் கீறலுக்குள்ளேயே தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்து, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்தே கத்தறது நின்னுபோச்சு, சாமி," என்றான் கோரன்.

கொற்றவேள் மகளை இறக்கிவிட்டான். பெட்டைக்கு ஊட்டுவதற்காகக் கோரன் மரத்தில் சாத்தி வைத்திருந்த மூங்கிலில் கொற்றவேளே ஏறினான். பறவை அடுத்த கிளைக்கு விலகியது. அவன் கையால் மண்ணை உடைத்தான். உள்ளே பெட்டை இருந்தது. இறகு உதிர்ந்த மொட்டைச் சிறகுகளை விரித்தபடி இறந்திருந்தது. அந்தச் சிறகுகளுக்கு அடியில் இரண்டு குஞ்சுகள். அவையும் இறந்திருந்தன. கோரன் கீறல் வழியாகத் தள்ளிவிட்டிருந்த பழங்கள் ஓரத்தில் காய்ந்து கிடந்தன. ஒன்றையும் அது தொடவில்லை.

கொற்றவேள் இறங்கி வந்தான். அவன் கைகளெல்லாம் மண். மகளின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அப்பா?"

"தெரியும்."

"எனக்காகவா?"

"ஆமாம்மா. உனக்காகன்னுதான் நினைச்சேன்."

செருந்தி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பறவை மறுபடியும் பொந்துக்கு வந்திருந்தது. "நான் அதைக் கேக்கலையே," என்றாள். "அது போறதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். தாய் செத்த நாளில் அழாதவள் அன்று அந்தப் பறவைக்காக அழுதாள், குஞ்சுகளுக்காக அழுதாள், அப்படியே தன் அம்மாவுக்காகவும் அழுதாள். கொற்றவேள் அவளைத் தொடவில்லை; தொடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து அவன் தோளில் முகம் வைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். கோரன் சற்றுத் தள்ளிப் போய், வலையை இடுப்பிலிருந்து அவிழ்த்து, கண்ணி கண்ணியாக அறுத்துப் போட்டான்.

மழை வரும்வரை அந்த இருவாட்சி தினமும் பழத்தோடு அந்த மரத்துக்கு வந்தது. மரத்தடியில் பழங்கள் குவிந்து அழுகின. மழை தொடங்கிய பிறகு அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

செருந்தி மறுபடியும் ஊமையாகவில்லை. பேசினாள். ஆனால் கொற்றவேள் பயந்ததைவிடக் கடினமான ஒன்று அவனுக்கு வாய்த்தது. அவள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் கேட்கும்போது, அதற்கு விலையாக யார் என்ன கொடுத்தார்கள் என்பது அவனுக்கு நினைவு வந்தது. சாகும்வரை வந்தது.

அவனுக்குப் பிறகு செருந்தி அந்த நாட்டை ஆண்டாள். புதிய தலைவிக்குப் பரிசு என்று காட்டிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் பேசும் கிளி கொண்டுவந்தான். ஒருவன் யானைக்கன்று கொண்டுவந்தான். ஒருவன் பொன்னிறப் புள்ளி போட்ட மான்குட்டி கொண்டுவந்தான்.

எல்லாவற்றையும் அவள் ஆசையோடு பார்ப்பாள். தடவிக் கொடுப்பாள். பிறகு கொண்டுவந்தவனிடம் ஒன்றே ஒன்று கேட்பாள்: "இதுக்காக அங்க யாரு காத்திட்டிருக்கா?"

கேட்டுவிட்டு, அவளே எழுந்து, அவனோடு காட்டுவழியில் நடந்து, அந்த உயிரை எங்கே பிடித்தானோ அங்கேயே விட்டுவிட்டு வருவாள். சிலசமயம் தாய் நின்றிருக்கும். சிலசமயம் இருக்காது.

இந்தக் கதை சொல்வது இதுதான்: நாம் நேசிக்கிற உயிரை நம்பி இன்னோர் உயிர் எங்கோ காத்திருக்கும், அதையும் சேர்த்து நினைத்துப் பார்க்காத ஆசைக்கு அன்பு என்று பெயர் இல்லை.