விடு என்றொரு சொல்

கடல் பந்தயத்தில் காற்றை நம்பலாம், அலையை நம்பலாம். தமிழில் ஒரு வினைச்சொல்லை மட்டும் நம்பக்கூடாது. ஏன் என்று கேளுங்கள்.

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு நடந்த பாய்மரப் படகுப் பந்தயம் அது. ஜெயிக்கும் படகிலிருந்து ஒரே ஒருவருக்குப் பெருங்கடல் தாண்டும் அணியில் இடம் உண்டு. அந்த இடத்துக்காகத் தூக்கம் கெட்டவர்கள் நம் படகில் மூன்று பேர். சுக்கான் பிடித்தவள் கேப்டன் வசுந்தரா. பின்பக்கம் பெரிய பாயைக் கவனித்தவர் இன்னாசி. தூத்துக்குடிக்காரர், கடலின் நிறம் மாறினாலே மூக்கு விடைக்கும். முன்னே பலூன் போல உப்பி நிற்கும் பாயின் கயிற்றைப் பிடித்திருந்தவள் கமீலா. கண்ணைப் பாயிலிருந்து எடுக்கவே மாட்டாள். கயிற்றின் மிச்சத்தைக் குதிகாலால் மிதித்துக்கொள்வது அவள் பழக்கம்.

"கால்ல கயித்தக் கட்டிக்கிட்டு எங்கட்டி ஓடப் போற?" என்று இன்னாசி வழியெல்லாம் கேலி செய்தார்.

எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தபோது எதிரிப் படகு ஒரு முழம் முன்னால் இருந்தது. வசுந்தராவுக்கு இருப்பே கொள்ளவில்லை. கோட்டைப் பார்ப்பாள், எதிரியைப் பார்ப்பாள், மறுபடி கோட்டைப் பார்ப்பாள். அந்நேரம் பின்னால் தண்ணீர் கறுத்து வருவதை இன்னாசி கண்டார். பெருங்காற்று. முன்பாயைத் தளர்த்தாவிட்டால் படகு சாய்ந்துவிடும்.

"விடச் சொல்லவா, கேப்டன்?"

இந்த மனுஷனுக்கு எப்போதும் ஒரு பயம் என்று அவளுக்கு எரிச்சல். பேச்சை விடு என்ற பொருளில் திரும்பிப் பாராமலே கத்தினாள்: "விடு!"

கேள்வி கமீலாவின் காதில் விழவில்லை. பதில் விழுந்தது. கயிற்றை விட்டாள்.

பாய் தொளதொளத்துப் படபடத்தது. படகு சட்டென்று வேகம் குறைந்தது. "யாரு விடச் சொன்னது?" என்று வசுந்தரா அலறி முடிக்குமுன் காற்று வந்து அடித்தது. பாயை இறுக்கி வைத்திருந்த எதிரிப் படகு ஒருக்களித்து விழுந்தது. நம் படகு நிமிர்ந்தே நின்றது.

ஆனால் எதிரி எழுந்துவிட்டது, மறுபடி ஓடி வந்தது. இன்னாசி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வசுந்தரா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். கமீலா குதிகாலுக்கு அடியில் இருந்த கயிற்று நுனியை எடுத்து, முதுகு வளைய இழுத்தாள். பாய் உப்பியது. நம் படகின் மூக்கு ஒரு சாண் முன்னே கோட்டைத் தாண்டியது.

கரையேறியதும் தொடங்கியது வம்பு. பொழுது சாய்வதற்குள் கேப்டன் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். தன் பெயரையும் சொல்லலாம். காற்றைக் கண்டது நான், எனக்கே இடம் என்றார் இன்னாசி. என் வாயிலிருந்து வந்த சொல்தானே படகைக் காத்தது என்றாள் வசுந்தரா. கமீலா, "விட்டது என் கைதானக்கா" என்றாள்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை அது" என்று வெட்டினாள் வசுந்தரா. வெட்டினாளே தவிர நிம்மதி இல்லை. அந்தப் பழமொழி தனக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். படகுத்துறையில் இப்படியும் அப்படியும் நடந்தாள்.

ஒருவர் அறிந்தார், செய்யவில்லை. ஒருத்தி சொன்னாள், அந்தப் பொருளில் சொல்லவில்லை. ஒருத்தி செய்தாள், ஏனென்று அறியவில்லை. இதில் அந்த இடம் யாருக்கு உரியது?

விடை: கமீலாவுக்கு. கயிற்றை விட்டதற்காக அல்ல. அது பனம்பழக் கணக்குதான். விட்டதோடு நின்றிருந்தால் நின்ற படகைத் தாண்டி எதிரி போயிருக்கும். 'விடு' என்ற சொல்லுக்கு மூன்று பேர் பங்கு கேட்டார்கள். 'பிடி' என்று அந்தப் படகில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் பிடித்தவள் ஒருத்திதான். வசுந்தராவுக்கு இது உறைத்தபோது நெஞ்சு வலித்தது. ஆனாலும் போய் அந்தப் பெயரைச் சொன்னாள். இன்னாசிதான் முதலில் சிரித்தார். "கால்ல கயித்தக் கட்டுனவதான் ரொம்ப தூரம் போவா போல" என்றார்.