காரம் போன மிளகாய்

கலியமூர்த்தி ஐந்து பச்சை மிளகாய்களைக் கொண்டுவந்து குருவின் முன்னால் தரையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

குரு அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் யோகாம்பாள். மடத்துக்கு வருகிற எல்லோருக்கும் அம்மா. கலியமூர்த்திக்கும் அம்மாதான்.

"கடிச்சுப் பாருங்கம்மா."

குரு ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொன்றையும் எடுத்து வெள்ளரிப்பிஞ்சு தின்பதுபோலத் தின்றார்.

"காரமே இல்லீங்களே ஐயா."

"அதைத்தான் கேக்க வந்தேன். காரம் எங்கம்மா போச்சு?"

அது அவர் மனைவி சம்பூரணம் வைத்த செடி. சம்பூரணம் போன வருடம் ஆடியில் இறந்துபோனாள். கொல்லையில் அவள் வைத்ததில் மிச்சமிருப்பது அந்த ஒரு செடிதான். அவள் இருந்தவரை அதன் காயை ஒரு கடி கடித்தால் காதுவரைக்கும் எரியும். பழைய சோற்றுக்கு அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டக் கடிப்பாள், சிரிப்பாள், இன்னொன்று பறித்து வருவாள்.

"இன்னும் இருவத்தஞ்சு நாள்ல வருச திவசம்," என்றார் கலியமூர்த்தி. "படையல்ல பழைய சோறும் இந்த மிளகாயும் வைக்கணும். இப்படி ஒரு மிளகாய வெச்சா அவ திரும்பிக்கூடப் பாக்கமாட்டா."

"தண்ணி எவ்வளவு ஊத்துறீங்க?"

"காலையில ஒரு குடம். சாயங்காலம் ஒரு குடம்."

"ஒரு செடிக்கா?"

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார். சமீபத்தில் ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்த்தவர். ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்ட கை சும்மா இருக்குமா?

"அவங்க எவ்வளவு ஊத்துவாங்க?"

"அவளா? வாட விட்டுடுவா. இலையெல்லாம் தொங்கும், பாக்கப் பாவமா இருக்கும். நான் சொம்பத் தூக்கினா சண்டைக்கு வருவா. உங்க தண்ணிய ஊரோட வெச்சுக்கங்க, என் செடிகிட்ட வராதீங்கம்பா."

"காய் முத்துற நேரத்துல செடி வாடினாத்தான் காரம் ஏறும். இனிமே இலை தொங்கினப்புறம் ஒரு சொம்பு ஊத்துங்க. அதுக்கு மேல வேண்டாம்."

மூன்றாம் நாளே அவர் மடத்து வாசலில் வந்து நின்றார்.

"மனசு கேக்கல. ஒரு குடம் ஊத்திட்டேம்மா."

குரு கோபிக்கவில்லை. நாலு நாள் கழித்து, மத்தியான வெயிலில், அவரே கலியமூர்த்தியின் வீட்டுக்கு வந்தார். இருவரும் கொல்லையில் துவைகல்லின் மேல் உட்கார்ந்தார்கள். எதிரே செடி துவண்டு கிடந்தது.

கலியமூர்த்தி எழுந்தார்.

"உக்காருங்க ஐயா."

"செத்துடும்மா."

"சாகாது."

"அப்படித்தாம்மா அன்னிக்கும் எல்லாரும் சொன்னாங்க."

கலியமூர்த்தி மறுபடி உட்கார்ந்தார். தானாகவே பேசினார்.

"விடிகாலையில போய்ட்டா. ஆறு மணிக்குத் தொட்டி திறக்கணும். நான் போய்த் திறந்துவிட்டுட்டு வந்துதான் அவ பக்கத்துல உக்காந்தேன். பொட்டுத் தண்ணி கண்ணுல வரல. கல்நெஞ்சுக்காரன்னு ஜனம் பேசுச்சு. எனக்கே அப்படித்தான் தோணுச்சு."

"அன்னிக்குச் செடிக்கு?"

"சுடுகாட்டுலேர்ந்து வந்ததும் ஊத்தினேன். வேற என்ன செய்யிறதுன்னு தெரியல."

வெயில் தாழும்வரை குரு அங்கேயே இருந்தார். பிறகு ஒரு சொம்பு ஊற்றச் சொன்னார். ஒரே ஒரு சொம்பு. அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் இலைகள் மெல்ல நிமிரத் தொடங்கின. கலியமூர்த்தி டீயை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் அவர் குடத்தைத் தொடவில்லை. மத்தியானம் ஆனால் செடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பார்த்தால் எழுந்துவிடுவோம் என்று அவருக்கே பயம். பாவம், அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

திவசம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மடத்துக்கு வந்தார். கண்கள் வீங்கிக் கிடந்தன. தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது.

"காரம் வந்துருச்சும்மா."

"அப்படிங்களா."

"படையல எடுத்தப்புறம் பழைய சோத்தோட ஒண்ணக் கடிச்சேன். அதே காரம். அவ காரம். கண்ணுல தண்ணி வந்துச்சும்மா, நிக்கவே இல்ல. திவசத்துக்கு வந்திருந்த மக பயந்துட்டா. ஒண்ணுமில்லடி, மிளகா காரம்னேன்."

"எப்பக் கடிச்சீங்க?"

"நேத்து மத்தியானம்."

குரு அவர் முகத்தையே பார்த்தார். கலியமூர்த்தி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது.

"காரம் தாங்கலம்மா. ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

குடம் குருவின் கையெட்டும் தூரத்தில் நிறைந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"வேண்டாங்க ஐயா," என்றார். "கொஞ்ச நேரம் காரமாவே இருக்கட்டும்."