சிம்மாசனத்து இருமல்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மானவீரன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். மாரிக்காலத்தில் பிடித்த இருமல் கோடை வந்தும் அவனை விடவில்லை. ஆடாதோடை, அதிமதுரம், தூதுவளை, எதற்கும் அது அடங்கவில்லை. அரசன் தனியாக இருமுவது இழுக்கு என்பதால், அவன் இருமினால் சபையே கூட இருமவேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம்.

"சிம்மாசனத்தைச் சுற்றிப் போடும் அகிற்புகையை நிறுத்துங்கள், அரசே," என்றார் கிழ வைத்தியர் காரியார்.

புகைச்சட்டிகளுக்கு அதிகாரி விருபாட்சன். அவன் சும்மா இருப்பானா? "பாட்டனார் காலத்துப் புகை! இந்தக் கிழவன் உங்கள் குலத்தையே பழிக்கிறான்!"

காரியார் சிறைக்குப் போனார். அவருடைய பால்ய நண்பர் மந்திரி தத்தனார் கம்பிக்கு வெளியே நின்றார்.

"நேராகச் சொல்லிவிட்டேனப்பா. அதுதான் தப்பு," என்றார் காரியார்.

மறுநாள் மந்திரி சபையில் எழுந்தார். "அரசே, இந்த இருமல் உங்களுடையதல்ல, சிம்மாசனத்துடையது. உங்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர் யாராவது கொஞ்ச நாள் அங்கே உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டால்..."

விருபாட்சன் துள்ளி எழுந்தான். "என்னைவிட யார் இருக்கிறார்கள்?"

"நானும் அதைத்தான் நினைத்தேன்."

அரசன் மாந்தோப்பு மாளிகைக்குப் போனான். ஒரு மாதம் கழித்துத் தொண்டை தெளிந்து திரும்பியபோது, விருபாட்சன் கண் சிவக்க இருமிக்கொண்டிருந்தான். சபையும் விசுவாசமாகக் கூட இருமியது.

"இறங்கட்டுமா, அரசே?"

"அவசரப்படாதீர்கள். மிச்சம் மீதி இருக்கும். இன்னும் ஒரு மாதம் இருங்கள்," என்றார் மந்திரி.

"ஐயோ, புகையை எடுங்கள்! இந்தப் புகைதான் கொல்கிறது!"

சபை இரும மறந்தது.

"இதையே சொன்னவர் சிறையில் இருக்கிறார், அரசே," என்றார் மந்திரி மெதுவாக.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். விருபாட்சன் எல்லாப் புகைச்சட்டிகளையும் தன் தலையிலேயே சுமந்து ஊருக்கு வெளியே கொட்டவேண்டும் என்று ஆணையிட்டான். மந்திரியின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

காரியாரைக் கொண்டுவந்தார்கள். சிறையின் ஈரச்சுவர் அவர் நெஞ்சைத் தின்றிருந்தது. வணங்கக் குனிந்தவர் இருமினார். நிமிர முடியாமல் இருமினார். சபையில் ஒரு தொண்டை அசையவில்லை.

அரசன் பட்டுத்துணியால் மூக்கை மூடினான். "யாரங்கே, இவரை அப்பால் கூட்டிப் போங்கள்."

மந்திரி முத்துமாலையைக் கழற்றித் தம் ஆசனத்தில் வைத்தார். நண்பரின் தோளை அணைத்துக்கொண்டு, அவர் இருமும்போதெல்லாம் தாமும் கூட இருமினார். இருமிக்கொண்டே இருவரும் வாசலைத் தாண்டிப் போனார்கள்.